பின்னால் வரும் காருக்கும் ஒரு கால் வேண்டும்

கேள்வி: மோட்டார்ஹோம் வாங்கியாகிவிட்டது. ஜீப் ராங்லரை நான்கு சக்கரமும் தரையில் உருள, பின்னால் பூட்டி இழுத்துப் போக ஆசை. எந்த டோ பார் (இழுவைத் தண்டு) நல்லது? (வாசகர், டாலஸ்)

பதில்: முதலில் பிரேக்கைத் தேர்ந்தெடுங்கள். டோ பாரைத் தேர்ந்தெடுப்பது கூட்டல் கழித்தலில் முடிந்துவிடும் வேலை. மோட்டார்ஹோமின் பின்புறமுள்ள ஹிட்ச், டோ பார், காரின் முன்புறச் சட்டத்தில் பூட்டும் பேஸ்பிளேட், பாதுகாப்புக் கம்பிவடம் என்று ஒவ்வொன்றிலும் ஓர் எடை வரம்பு எழுதியிருக்கும். அவற்றுள் எது மிகக் குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. 10,000 பவுண்டு டோ பாரை 5,000 பவுண்டு ஹிட்சில் செருகினால், கூடுதலாகக் கொடுத்த பணத்துக்கு ஒரு பவுண்டு வலிமைகூட வராது. அடுத்தது மட்டம். ஹிட்சும் காரின் பேஸ்பிளேட்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். சுமார் 3 அங்குல வித்தியாசம் வரை தயாரிப்பாளர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் போனால், பிரேக் போடும்போது தண்டு சாய்வாக உதைத்து ஹிட்சைத் தூக்கவோ அழுத்தவோ செய்யும். உயரத்தைச் சரிசெய்யும் இணைப்பு தனியாகக் கிடைக்கிறது. வாங்கிப் பூட்டினால் தீர்ந்தது. பிரேக் அப்படி ஒரு மாலையில் தீரும் விஷயம் இல்லை. மோட்டார்ஹோமில் என்ன வகை பிரேக், காரில் பெடலின் அழுத்தத்தைப் பெருக்கும் பூஸ்டர் என்ன வகை, நீங்கள் எத்தனை ஆண்டுக்கொருமுறை கார் மாற்றுவீர்கள் என்பதையெல்லாம் பொறுத்து விடை மாறும்.

கேள்வி: ஓட்டுகிறவருக்கு பிரேக் மிதிக்க ஒரு கால்தான். இரண்டு பிரேக் எதற்கு? அத்தனை பெரிய வண்டிக்கு ஒரு ஜீப் பாரமா? (வாசகி, ஃப்ரீமாண்ட்)

பதில்: கால் கணக்கு சரி. ஆனால் அந்தக் கால் மோட்டார்ஹோமின் பிரேக்கை மட்டும்தான் மிதிக்கிறது. ஜீப்பின் பெடலை மிதிக்க அங்கே ஆள் இல்லை. ஃபோர்டு தன் இழுவைக் கையேடுகளில் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது: இழுக்கும் வண்டியின் பிரேக், அந்த வண்டியின் சொந்த மொத்த எடை வரம்புக்குக் கணக்கிட்டது, இரண்டு வண்டியும் சேர்ந்த கூட்டு எடை வரம்புக்கு அல்ல. பின்னால் வருவது 1,500 பவுண்டைத் தாண்டினால் அதற்குத் தனி பிரேக் வேண்டும். ஃபோர்டு ஈ-450 அடிச்சட்டத்தில் கட்டிய மோட்டார்ஹோமை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த எடை வரம்பு 14,500 பவுண்டு, கூட்டு வரம்பு 22,000 பவுண்டு. இடையிலுள்ள 7,500 பவுண்டையும் இந்த பிரேக் நிறுத்திவிடும் என்று நினைத்துக்கொள்வதுதான் ஆபத்தான பிழை.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 14,500 பவுண்டு வண்டி ஏதோ ஒரு வேகத்திலிருந்து 200 அடியில் நிற்கிறது என்று வையுங்கள். பிரேக்கின் விசை அதே அளவில் இருக்க, பின்னால் 4,500 பவுண்டு ஜீப் சேர்ந்தால் நிற்க 262 அடி வேண்டும். அந்த 62 அடியில் ஏறக்குறைய நான்கு கார்கள் வரிசையாக நிற்கும். "இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் போயிற்று" என்பார்கள். சிக்னலில் நிதானமாக நிறுத்தும்போது அது உண்மை. பின்னால் கார் இருப்பதே தெரியவில்லை, பல ஆண்டாக இப்படித்தான் போகிறோம் என்று சொல்கிறவர்களும் பொய் சொல்லவில்லை. ஆனால் அவசரத்தில் கால் ஏற்கெனவே அடிவரை போயிருக்கும், மோட்டார்ஹோம் டயர்களின் பிடிமானமும் தீர்ந்திருக்கும். அதற்கு மேல் அழுத்த ஒன்றும் மிச்சமிராது. தினசரி ஓட்டத்தில் தெரியாமல் இருந்து, தேவைப்படும் அந்த ஒரு நொடியில் மட்டும் தெரியவரும் குறை இது. ஈரச் சாலை வளைவில் நிலைமை இன்னும் மோசம்: பிரேக் இல்லாத கார், மோட்டார்ஹோமின் வாலைப் பக்கவாட்டில் தள்ளும்.

மலை இறக்கம் வேறு கதை. கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசன்ஹோவர் சுரங்கம் சுமார் 11,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே சில்வர்தார்ன் நோக்கி இறங்கும் பாதையில் சரிவு 7 சதவீதத்தைத் தொடும். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே ஓரத்தில் சரளை மேடுகள் அமைத்திருக்கிறார்கள். 7 சதவீதச் சரிவில் ஒரு மைல் இறங்கும்போது வண்டி இழக்க வேண்டிய ஆற்றல், மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து மூன்று முறை முழுக்க நிறுத்துவதற்குச் சமம். காற்றும், கியரைக் குறைத்தால் இன்ஜினும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் பிரேக் தட்டுகளில் சூடாக ஏறுகிறது. ஜீப்பின் பங்கையும் மோட்டார்ஹோமின் தட்டுகளே சுமக்கும்போது அவை சீக்கிரம் சூடேறித் தளரும். ஜீப்பிலோ, அதன் எடைக்கென்றே அளவெடுத்துச் செய்த நான்கு நல்ல பிரேக்குகள் சும்மா சுற்றிக்கொண்டு வருகின்றன!

கேள்வி: எங்கள் மாநிலச் சட்டம் தனி பிரேக் கேட்கவில்லையே. சட்டத்தைவிட நீங்கள் கண்டிப்பா? (வாசகர், ஹூஸ்டன்)

பதில்: ஆம். அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. பல மாநிலங்கள் 3,000 பவுண்டில் கோடு போடுகின்றன. வேறு சில அதற்குக் கீழும் மேலும். டிரெய்லருக்கு எழுதிய விதி, இழுத்து வரும் காருக்கும் பொருந்துமா என்பதும் எல்லா இடத்திலும் தெளிவாக இல்லை. மோட்டார்ஹோம் வாங்குவதே எல்லை தாண்டிப் போகத்தானே? வீடு இருக்கும் மாநிலத்தின் சட்டம் அடுத்த மாநிலத்தில் உங்களைக் காப்பாற்றாது. தவிர, பிரேக் பற்றி எதுவும் சொல்லாத இடத்திலும், இத்தனை வேகத்திலிருந்து இத்தனை அடிக்குள் வண்டி நிற்க வேண்டும் என்ற விதி இருக்கக்கூடும். செலவு ஆயிரம் டாலரைத் தாண்டும் என்பது நியாயமான ஆட்சேபணை. அந்தப் பணத்தை டோ பாரிலும் பேஸ்பிளேட்டிலும் கொட்டிவிட்டு பிரேக்கில் மிச்சம் பிடிக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

கேள்வி: சரி, ஒத்துக்கொண்டேன். எந்த பிரேக் வாங்க? (அதே வாசகர்)

பதில்: எந்த வகையானாலும் மூன்று தகுதிகள் இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார்ஹோம் எவ்வளவு வேகமாகத் தணிகிறதோ, அந்த அளவுக்குக் காரும் தணிய வேண்டும். காரின் இணைப்பு அறுந்துபோனால் தானாக பிரேக் விழ வேண்டும். கார் பிரேக் பிடித்திருப்பது ஓட்டுகிறவருக்கு முன்னால் ஒரு விளக்காகத் தெரிய வேண்டும். முதல் தகுதியில்தான் பல கருவிகள் தடுமாறுகின்றன. மோட்டார்ஹோமின் பிரேக் விளக்கு எரிந்ததும், முன்பே வைத்த ஒரே அழுத்தத்தைக் கொடுக்கும் கருவிகள் உண்டு. நகரத்தில் லேசாகத் தொட்டாலும் அதே அழுத்தம், அவசரத்திலும் அதே அழுத்தம்.

காற்று பிரேக் உள்ள பெரிய டீசல் மோட்டார்ஹோம் என்றால் யோசிக்க வேண்டாம். டெம்கோவின் ஏர் ஃபோர்ஸ் ஒன் போல, அந்தக் காற்றழுத்தத்தையே அளவாகக் கொண்டு காரை நிறுத்தும் அமைப்புதான் சிறந்தது; கால் அழுத்துகிற அளவு அப்படியே பின்னால் போகிறது. ஈ-450 போன்ற ஹைட்ராலிக் பிரேக் வண்டிக்கு, ஒரே காரைப் பல ஆண்டு வைத்திருப்பீர்களானால் காருக்குள் நிரந்தரமாகப் பொருத்தும் வகையை வாங்குங்கள். அடிக்கடி கார் மாற்றுகிறவர்களுக்கு பிரேக் பட்டி, ப்ளூ ஆக்ஸ் பேட்ரியாட் போன்ற, பெடலுக்கு முன்னால் வைத்து எடுக்கும் பெட்டிதான் வசதி. ஆனால் ஒவ்வொரு முறையும் அதைச் சரியாக வைத்து, இருக்கையை நகர்த்தி, அழுத்தத்தைச் சோதிக்கும் பொறுமை வேண்டும்; பொறுமை இல்லாத வீட்டில் பெட்டி டிக்கியில்தான் பயணம் செய்யும். ரெடி புரூட் போன்ற டோ பார்களில் மின்சாரமே தேவைப்படாத ஓர் ஏற்பாடு இருக்கிறது: பின்னாலிருந்து கார் தள்ளும் விசையே ஒரு கம்பியை இழுத்து பெடலை அழுத்தும். எளிமைக்காக எனக்கு அது பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பில் இறங்கும்போதும் கார் தள்ளிக்கொண்டே இருக்கும், அதனால் பிரேக் லேசாக உரசிக்கொண்டே வரும் என்பது அதன் குறை.

கேள்வி: அணைந்த இன்ஜினில் பிரேக் எப்படி வேலை செய்யும்? ஒட்டிக்கொண்டு புகைந்தால்? (வாசகி, டொராண்டோ)

பதில்: இரண்டுமே சரியான கவலைகள். இன்ஜின் அணைந்தபின் பூஸ்டரில் மிஞ்சிய வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்து, பெடல் கல்லாக இறுகிவிடும். ஆகவே, வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு இறுகிய பெடலை வலுவாக அழுத்தும்படி கருவியை அமைக்க வேண்டும். அல்லது தனி வெற்றிட பம்ப் உள்ள கருவியாகப் பார்க்க வேண்டும். சில ஹைபிரிட் கார்களில் இன்ஜின் அணைந்தும் பெடல் உயிரோடிருக்கும். அவற்றில் அதே வலிமையில் அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொள்ளும் பயத்துக்கு முன்சொன்ன எச்சரிக்கை விளக்கும், டயரின் அழுத்தத்தையும் சூட்டையும் காட்டும் கருவியும் போதுமான காவல். காரின் பேட்டரியையும் மறக்காதீர்கள். மின்சாரத்தில் இயங்கும் பிரேக் கருவி அதிலிருந்துதான் குடிக்கிறது. மோட்டார்ஹோமிலிருந்து ஒரு சார்ஜ் கம்பி இழுத்துவிடுங்கள்.

கேள்வி: எந்தக் காரையும் இப்படி இழுக்கலாமா? ரிவர்ஸ்? (வாசகர், அட்லாண்டா)

பதில்: காரின் ஓனர் மேனுவல் அனுமதித்தால் மட்டும். ஹோண்டா சிஆர்-வி 2014 மாடல் வரை இழுக்கலாம். 2015 முதல் கியர்பாக்ஸ் மாறியதால் கூடாது. ரிவர்ஸ் வேண்டாம், முன்சக்கரங்கள் மடங்கிக்கொள்ளும். கழற்றிவிட்டுத் திருப்புங்கள்.

கேள்வி: எல்லாம் பூட்டியபின், வேலை செய்கிறது என்று எப்படி நம்புவது? (வாசகி, சான் ஹோசே)

பதில்: நம்ப வேண்டாம், சோதியுங்கள். காரின் இணைப்பு அறுந்தால் கழன்று வந்து பிரேக் போடவைக்கும் சிறு முள் ஒன்று காரில் உண்டு; அதன் கம்பியை டோ பாரில் கட்டாமல் மோட்டார்ஹோமின் சட்டத்தில் கட்டுங்கள். டோ பாரோடு சேர்ந்து எல்லாம் பிடுங்கிக்கொண்டு போனாலும் முள் கழல வேண்டும். காலியான இடத்தில் முள்ளைக் கையால் பிடுங்கிவிட்டு, மோட்டார்ஹோமை மெல்ல முன்னால் நகர்த்துங்கள். கார் நகர மறுத்து இழுத்துப் பிடித்தால் அமைப்பு சரி. பிறகு முள்ளைத் திரும்பச் செருகி, பிரேக் முழுதாக விடுபட்டதா என்று ஒருவர் கீழே நின்று பார்க்கட்டும். பருவத்தின் முதல் பயணத்துக்கு முன்பும், காரையோ கருவியையோ மாற்றிய ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள்.