நின்றுபோன வண்டியின் இயல்: ஆதம்பாக்கத்தை முன்வைத்து ஒரு முதற்கட்ட ஆய்வு

பரங்கிமலை ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, உள்வட்டச் சாலையை ஒட்டிக் கிடக்கிறது ஆதம்பாக்கம். இங்கே ஒரு டூ வீலர் நின்றுவிட்டால், அதைச் சுற்றி ஒரு நிமிடத்துக்குள் ஒரு பல்கலைக்கழகம் கூடிவிடும் என்பதே இவ்வாய்வின் கருதுகோள். நிரூபிக்க விரும்புவோர் கருணீகர் தெருவில் வண்டியை ஓரங்கட்டி, இரண்டு முறை கிக்கரை உதைத்தால் போதும்.

கூடுகிற அறிஞர்களை மூன்று மரபினராகப் பகுக்கலாம். மூத்தது 'பெட்ரோல் இருக்கா?' மரபு. முள் பாதிக்கு மேல் நின்றாலும் நம்பமாட்டார்கள். டேங்க் மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டி, சலசலப்பைக் காதால் கேட்ட பிறகே விலகுவார்கள். அடுத்தது பிளக் மரபு. இவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி என்பதால் ஆய்வுக்குச் சுவையற்றவர்கள். மூன்றாவது சாய்ப்பு மரபு. பஜாஜ் சேத்தக் காலத்தில் ஸ்கூட்டரை ஒருக்களித்துச் சாய்த்து, நிமிர்த்தி, உதைத்துப் பழகியவர்கள். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்து, புது வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்ப்பரேட்டரே போய்விட்டது. சாய்த்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் "எதுக்கும் ஒரு தடவ சாய்ச்சுப் பாருங்களேன்" என்பவரை எந்த அரசாணையும் அசைத்ததில்லை.

மூன்று மரபும் தோற்ற இடத்தில் டோச்சன் தொடங்குகிறது. முன்பின் தெரியாத ஒருவர் தன் பைக்கில் பின்னால் வந்து, நம் வண்டியின் ஃபுட்ரெஸ்டில் ஒரு காலை ஊன்றி, மெக்கானிக் கடை வாசல்வரை தள்ளிக்கொண்டே வந்து, நன்றி சொல்லத் திரும்பும்போது காணாமல் போயிருப்பார்.

இனி மெக்கானிக். இவரைப் பற்றிய தரவுகளில் தலையாயவற்றைத் தந்தது 2023 டிசம்பர் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயல். வேளச்சேரி வட்டாரமே தண்ணீரில் நின்ற அந்த வாரத்தில், பார்க்கிங்கில் மூழ்கிக் கிடந்த வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் நிற்கையில் பிஸ்டன் மேலே ஏறினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதுவும் தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள்தான் யாரும் பார்க்காதபோது ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள்.

"ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?"

"சேச்சே, தொடவே இல்லண்ணே."

மெக்கானிக் மறுபேச்சுப் பேசாமல் இஞ்சினுக்கு அடியில் டிரேயைத் தள்ளி, டிரெயின் போல்ட்டைக் கழற்றுகிறார். இங்கே ஒரு இயற்பியல் நுட்பம். நீர் எண்ணெயைவிடக் கனமானது. சும்மா புகுந்த நீர் அடியில் தங்கியிருந்து, முதலில் தெளிவாக நீராகவே வழியும். இஞ்சின் சுற்றியிருந்தால் மட்டுமே இரண்டும் கடைந்து கலக்கும். டிரேயில் இறங்குவது டிகிரி காபி நிறத்தில், நுரையோடு.

வண்டிக்காரர் சுவரில் தொங்கும் முருகன் காலண்டரை ஆராய்கிறார். மெக்கானிக் டிரேயை ஒருமுறை பார்த்துவிட்டு, "தண்ணி கொஞ்சம் உள்ள போயிருக்கு சார். ரெண்டு வாட்டி ஆயில் மாத்தி ஃப்ளஷ் பண்ணிடலாம்" என்கிறார். அவ்வளவுதான். பொய்யைக் கண்டுபிடிக்கத் திறமை போதும்; கண்டுபிடித்ததைக் காட்டிக்கொள்ளாமலிருப்பதற்குத்தான் உண்மையில் சர்வீஸ் சார்ஜ் வாங்க வேண்டும். ஏசி போட்ட ஷோரூம்களில் இந்தப் பிரிவு இல்லை. அங்கே ஜாப் கார்டு உண்டு, காத்திருக்க சோபா உண்டு, மறுநாள் போனில் கூப்பிட்டு "பத்துக்குப் பத்து போட்ருங்க சார்" என்று கெஞ்சும் குரலும் உண்டு. கழற்றிய பழைய பாகத்தைத் தினத்தந்தியில் சுற்றி, நாம் கேட்காமலே கையில் தருகிற வழக்கத்தை அங்கே நான் கண்டதில்லை.

கட்டணம் குறித்து ஒரு சிக்கல் தீராமலே இருக்கிறது. வண்டி நிற்கிறது, மெக்கானிக் பிளக்கைக் கழற்றுகிறார், கரி பிடித்த முனையை உப்புத்தாளில் நாலு தேய்ப்புத் தேய்த்து, ஊதி, மாட்டி, ஒரே உதையில் கிளப்புகிறார். எவ்வளவு என்றால், "இதுக்கெல்லாம் காசா? போங்க சார்." கூச்சம் தாங்காத வண்டிக்காரர், அப்படியே ஆயிலையாவது மாற்றிவிடும்படி வேண்டுகிறார். மெக்கானிக் டிப்ஸ்டிக்கை உருவி, துணியில் துடைத்து, விட்டு எடுத்துப் பார்க்கிறார். "இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் தாராளமா ஓடும். அப்புறம் வாங்க."

வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்பும் இச்செயலுக்குப் பொருளியலாளர்கள்தான் விளக்கம் தர வேண்டும். அவர்கள் வரும் வண்டி எங்கே நிற்கிறதோ.