மைலா, கிலோவா: திருப்பாதிரிப்புலியூர் வான்பயணிகளின் விசுவாசம் குறித்து ஓர் ஆய்வு

கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் மிதந்துவந்து கரையேறிய ஊர் திருப்பாதிரிப்புலியூர். இச்செய்தியைச் சமய நோக்கில் ஆராய்ந்தோர் பலர். சுமை நோக்கில் ஆராய்ந்தார் இலர். கூடுதல் எடைக்குக் கட்டணம் கட்டாமல் வந்திறங்கிய முதல் பயணி அவரே என்பது நம் துணிபு. சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்த இன்றைய புலியூர்க்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. எனவே அவர் இரு கட்சிகளில் ஒன்றைச் சேர்ந்தாக வேண்டும்.

முதற்கட்சியார் மைல்வாதிகள். 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பரப்பிய கொள்கை இவர்களுடையது: ஒரே நிறுவனத்தில் பற, புள்ளி சேர், ஒருநாள் இலவசமாகப் பற. கொள்கையில் பிழையில்லை, பொங்கல்தான் இடிக்கிறது. ஆண்டுக்கொருமுறை ஊர் வருபவர், அதுவும் மலிவு டிக்கெட்டில் வருபவர், சேர்ப்பது சொற்பம். சிங்கப்பூர் ஏர்லைன்சின் கிரிஸ்ஃபிளையர் மைலுக்கோ ஆயுள் மூன்று ஆண்டு. முதற்பொங்கல் மைல் ஐந்தாம் பொங்கலைப் பார்ப்பதில்லை. மைல் இருக்க நிறுவனமே மறைவதும் உண்டு. 2012இல் பறப்பதை நிறுத்திய கிங்ஃபிஷர் சான்று.

கிலோவாதிகள் பெரும்பான்மையினர். இவர்களின் மூலநூல் தொலைபேசியில் அம்மா கேட்கும் கேள்வி: “எத்தனை கிலோப்பா போடுறாங்க?” டிக்கெட் விலையை அம்மாக்கள் கேட்பதில்லை. ஸ்கூட்டின் அடிமட்ட டிக்கெட்டில் கைப்பை மட்டும், பத்துக் கிலோ, ஏர்ஏசியாவில் ஏழு. பெட்டி போடத் தனிக்காசு. வரும்போது கோடாலித் தைலமும் மைலோவும். போகும்போது முந்திரி, சாம்பார்ப்பொடி, ஊறுகாய். ஊறுகாய் கைப்பையில் போனால் சோதனைச் சாவடியோடு சரி. பண்ருட்டிப் பலா தனி வழக்கு: நல்ல பழம் ஒன்றே மொத்த அனுமதியையும் விழுங்கிவிடும். சுளையாக உரித்துப் போகலாமே என்பார்க்கு, பக்கத்து இருக்கைக்காரரின் மூக்கு இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

எடை காணும் முறை ஊரெங்கும் ஒன்றே. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடைமேடையில் ஏறுதல். பின் வெறுங்கையோடு ஏறிக் கழித்தல். மிச்சமிருந்தால் அத்தை ஒரு பொட்டலத்தோடு வந்துவிடுவார். மிஞ்சினால் மே மாத வெயிலிலும் ஜெர்கின் போட்டுக்கொள்வது மரபு.

எங்கே ஏறுவது? புதுச்சேரி விமான நிலையம் அருகில்தான், வெளிநாட்டு விமானந்தான் இல்லை. சென்னைக்கும் திருச்சிக்கும் தொலைவில் பெரிய வேறுபாடில்லை. திருச்சிக்குச் சோழன் எக்ஸ்பிரஸ் நம்மூரில் நின்றே போகிறது. 1025இல் கடாரத்தின்மேல் கப்பல்படை அனுப்பிய குலத்தின் பெயரில் ஓடும் ரயிலைப் பிடித்து மலேசிய விமானம் ஏறுவதில் ஒரு வரலாற்று நியாயம் இருக்கிறது. ஆனால் வழியனுப்பக் குடும்பமே கிளம்புவதால் ரயில் தோற்று வாடகைக் கார் வெல்கிறது. மலிவு டிக்கெட்டில் மிச்சம் பிடித்த தொகை சுங்கச்சாவடி தாண்டுமுன் கரைந்துவிடும்.

கிலோவாதிகளின் பொற்காலம் கப்பற்காலமே. எம்.வி. சிதம்பரம் சிங்கப்பூருக்கு ஓடிய நாளில் டிரங்குப் பெட்டிகளே பயணித்தன. 1985இல் உயிர்ப்பலி கொண்ட தீ விபத்தோடு அது முடிந்தது.

கட்சி மாறியோரும் உளர். மைல்வாதி ஒருவர் காலாவதியாகவிருந்த மைல்களைக் கிரிஸ்ஷாப்பில் கொடுத்துப் பெரிய பெட்டியொன்று வாங்கினார். வெறும் பெட்டியே ஐந்து கிலோ. அவரது அம்மா அதில் குளிர்காலப் போர்வைகளைப் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டார்.