சென்னிமலை வட்டாரத்தில் பழைய லென்ஸ் கைமாறும் மரபும் அதில் மயிலின் பங்கும்: ஓர் ஆய்வு

தொல்காப்பியர் லென்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனது குறையாகாது. ஆனால் அவர் வகுத்த முதல், கரு, உரி மூன்றும் பழைய கேமரா வியாபாரத்துக்கு எப்படிப் பொருந்துகின்றன என்று எந்த உரையாசிரியரும் எழுதாதது குறைதான். நிலம், சென்னிமலையும் அதைச் சுற்றிய மேட்டாங்காடும். பொழுது, தீபாவளி போனஸ் வந்த வாரம். அல்லது பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டவேண்டிய ஆனி மாதம். தெய்வம் முருகன், புள் மயில், தொழில் நெசவு, பறை தறிச் சத்தம். உரிப்பொருள்: வாங்குகிறவருக்குப் புணர்தல், விற்கிறவருக்குப் பிரிதல், இருவர் வீட்டிலும் ஊடல்.

கல்யாண ஸ்டூடியோக்காரர்கள் இந்த ஆய்வில் வரமாட்டார்கள். அவர்கள் பிழைப்புக்காக வாங்குகிறார்கள். அதில் ஆராய என்ன இருக்கிறது? நமக்கு உரியவர், பெட்ஷீட் வியாபாரமோ பெருந்துறை சிப்காட்டில் வேலையோ வாத்தியார் உத்தியோகமோ பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து ஒன்பது வரை மட்டும் கானுயிர்க் கலைஞராக இருப்பவர்.

இவர்கள் போனில் படம் அனுப்பி, ஜிபேயில் பணம் போட்டு, கூரியரில் சரக்கு வாங்குவதால் இது நவீன வணிகம் என்று மேலோட்டமாகப் பார்க்கிறவர்கள் சொல்வார்கள். நம் கருதுகோள் வேறு. சித்திரையில் கண்ணபுரத்திலும் ஆடியில் அந்தியூரிலும் கூடுகிற மாட்டுச்சந்தையின் இலக்கணம்தான் இங்கே எழுத்துப் பிசகாமல் நடக்கிறது.

முதலில் பல். மாட்டின் வாயைத் திறந்து ரெண்டு பல்லு, நாலு பல்லு, எட்டும் சேர்ந்தது என்று வயது சொல்வதுபோல, கேமராவுக்கு ஷட்டர் கவுண்ட். நிக்கான் டி500-க்குக் கம்பெனி சோதித்துச் சொன்ன ஆயுள் 2 லட்சம் சொடுக்கு. கேட்க அமோகமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கேமரா விநாடிக்கு 10 படம் எடுக்கும். விரலை எடுக்காமல் அழுத்தினால் 2 லட்சமும் 20,000 விநாடியில், அதாவது ஐந்தரை மணி நேரத்தில் தீர்ந்துபோகும். ஒரு மீன்கொத்தி எப்போது முங்கும் என்று தெரியாமல் அழுத்திக்கொண்டே இருந்தவரின் கேமரா, ஊரில் பாதிக் கல்யாணத்தை எடுத்த கேமராவைவிடக் கிழடாக இருப்பது இதனால்தான். விற்கிறவர் இதைச் சொல்லமாட்டார். அவர் வாய்பாடு ஒன்றே: “வீட்டோட வெச்சிருந்ததுங்ணா, கொழந்தைகளை ரெண்டு படம் எடுத்ததோட சரி.” 500 மி.மீ. லென்ஸை வைத்துக் குழந்தையைப் படம் எடுக்க, குழந்தை அடுத்த தோட்டத்தில் நிற்கவேண்டும்.

பல் பார்க்கும் கலைக்கு 2021-இல் ஒரு சோதனை வந்தது. அந்த ஆண்டு வந்த நிக்கான் இசட்9-இல் அசைகிற ஷட்டரே கிடையாது. எல்லாம் சென்சாரே பார்த்துக்கொள்கிறது. பல்லில்லாத மாட்டுக்கு எப்படி வயது சொல்வது என்று நம் தரகர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. இப்போதைக்கு, கைப்பிடி ரப்பர் எவ்வளவு வழுவழுத்திருக்கிறது என்பதை வைத்து ஓட்டுகிறார்கள்.

பல்லுக்கு அடுத்து மாட்டில் பார்ப்பது சுழி. லென்ஸில் அதற்குப் பூஞ்சை என்று பெயர். பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் சாய்த்துப் பார்த்தால், கண்ணாடி அடுக்குக்குள் நூலாம்படை மாதிரி ஒன்று ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நகர்ந்திருக்கும். ஆரம்பத்திலேயே கண்டால் பிரித்துத் துடைக்கலாம். பூச்சைத் தின்றுவிட்டால் தழும்பு போகாது. காற்றில் ஈரம் அறுபது, எழுபது சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் இது முளைக்கும். வறண்ட நம் ஊரில் பிறந்து வளர்ந்த லென்ஸுக்கு அதனால் தனி மதிப்பு. “வால்பாறையில இருந்துதுங்களா?” என்று கேட்டால், சம்பந்தம் பேசப்போன இடத்தில் சீக்கு விசாரித்தது போல விற்கிறவர் முகம் மாறும். நம் ஊர் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. போர்வைக்குப் பேர்போன ஊர் ஆயிற்றே என்று லென்ஸை நல்ல கைத்தறிப் போர்வையில் சுற்றி பீரோவுக்குள் வைத்துவிடுகிறார்கள். துணி ஈரத்தை உறிஞ்சி லென்ஸுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும். காற்றுப் புகாத டப்பாவும் நாலு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும் என்றால், “போர்வை பத்தாதுங்களா?” என்கிறார்கள்.

முன்னோர் ஆய்வு என்று ஒரு பகுதி வேண்டும். இத்துறையில் முன்னோர் மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தவர், 1970-இல் பத்மஸ்ரீ. ஒரு கம்பெனியின் உடல், இன்னொரு கம்பெனியின் லென்ஸ், வேறெங்கோ கிடைத்த பாகங்கள் என்று தாமே பூட்டிச் சேர்த்த கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். அதை இன்று விற்பனைக்கு வைத்தால், “பில் இருக்குதுங்களா, பாக்ஸ் இருக்குதுங்களா?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

இனி மயில். சோதித்துப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை; சோதிக்க ஒரு உயிர் வேண்டும். பக்கத்தில் வெள்ளோடு ஏரி இருக்கிறது, 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம். ஆனால் கூழைக்கடா தூரத்தில் வெள்ளையாக மிதக்கும். கானல் அடித்தால் லென்ஸ் மங்கலா காற்று மங்கலா என்று சண்டை வரும். சத்தியமங்கலத்துக்குப் போனால் திம்பம் தாண்டி, காரப்பள்ளம் சோதனைச்சாவடியில் கரும்பு லாரிக்குக் காத்திருக்கும் யானை ரோட்டோரத்திலேயே நிற்கும், 600 மி.மீ.-க்கு ஒரு காது மட்டும் அடங்கும். ஆகவே மயில். கொண்டையின் ஒவ்வொரு காம்பும் நுனியில் விசிறி மாதிரி விரிந்திருக்கும். லென்ஸை முழுசாகத் திறந்து கண்ணுக்குக் குவித்து எடுத்து, படத்தைப் பெரிதாக்கினால் அந்தக் காம்புகள் தனித்தனியாகத் தெரியவேண்டும். கண் மங்கி, கழுத்தின் செதில் இறகு மட்டும் கூர்மையாக விழுந்தால் குவியம் தள்ளி உட்காருகிறது என்று அர்த்தம். அந்த இடத்திலேயே இரண்டாயிரம் குறையும்.

மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, யாரும் கைவைக்க முடியாது. நிலக்கடலை போட்டவருக்கு இந்தத் தகவல் இனிப்பதில்லை. ஒரு சோதனையின்போது வேலியோரம் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த தோட்டக்காரர் கேட்டார்: “ஏனுங் தம்பி, இத்தாச்சோட்டு குழாய வெச்சுப் புடிக்கறீங்களே, அதைய அப்படியே புடிச்சுட்டுப் போயிர முடியாதுங்களா?” இந்த ஆய்வில் பதிவான ஒரே உருப்படியான கேள்வி இதுதான். (மயில் சலித்துப்போய்ப் பனங்காடைப் பொந்துக்கு முன்னால் கிளையை ஒடித்துவிட்டுப் படம் எடுக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்குப் புது லென்ஸையும் விற்கக்கூடாது.)

விலை பேசும் இடத்தில்தான் கருதுகோள் மெய்ப்படுகிறது. சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள், பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியாது. இங்கே இருவரும் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் சொல்லிவிட்டு, எதிரெதிரே உட்கார்ந்துகொண்டே வாட்ஸ்அப்பில் தொகையை அனுப்பிக்கொள்கிறார்கள். கூட வந்த நண்பருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் வீட்டுக்குப் போய்விடும். வீட்டில் சொல்கிற விலை எப்போதும் வாங்கிய விலையில் பாதி. அதே லென்ஸை அடுத்த ஆண்டு விற்கும்போது அந்தப் பாதி விலைக்கு மேல் எவ்வளவு வந்தாலும் அது லாபமாகக் கணக்கில் ஏறுகிறது. இந்த வட்டாரத்தில் பழைய லென்ஸில் நட்டப்பட்டவர் ஒருவர்கூட இல்லாததற்குக் காரணம் இந்தக் கணக்குமுறை.

கடைசியாகக் கயிறு. மாட்டை விற்கிறவர் தன் கயிற்றைக் கூடக் கொடுக்கமாட்டார், அவிழ்த்துக்கொண்டுதான் அனுப்புவார். கேமராவைக் கொடுக்கிறவரும் மெமரி கார்டை உருவிக்கொண்டு, தோள்பட்டையையும் கழற்றிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்கிறார். வாங்குகிறவர் இதற்குத் தர்க்கம் கேட்பதில்லை. வீட்டில்தான் கேட்கிறார்கள்.

“ஏனுங்க, அதுதான் வித்தாச்சுன்னீங்களே. அப்பறம் அந்தப் பட்டை எதுக்கு?”

“அடுத்ததுக்கு ஆகுமல்ல.”