சொல்லிச் செய்த பேஸ் கிட்டாரின் இலக்கணம்

சொல்லிச் செய்த பேஸ் கிட்டார் என்பது, கடையில் தொங்கும் பேஸ் கிட்டாரில் குறை ஒன்றும் காண முடியாத ஒருவர், அந்தக் குறையின்மையையே குறையாகக் கொண்டு, ஒரு கைவினைஞரிடம் அளவு கொடுத்து, முன்பணம் கட்டி, மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ காத்திருந்து பெறும் வாத்தியம். இவ்வரையறையில் ‘காத்திருந்து’ என்னும் சொல்லே தலைமையானது. மற்றவை அதற்கு அடைமொழிகள். கம்பி நான்காகவோ ஐந்தாகவோ ஆறாகவோ இருக்கலாம். மரம் மாறலாம். காத்திருப்பு இல்லையேல் அது வெறும் கொள்முதல்.

வாத்தியத்தின் இயல்பை அறியாமல் இந்தச் செயலின் விந்தை புலப்படாது. நான்கு கம்பி பேஸில் மிகத் தாழ்ந்த கம்பி விநாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. ஐந்தாவது கம்பி ஒன்றைச் சேர்த்தால் அது சுமார் 31. மனிதச் செவியின் கீழெல்லை 20 என்பதால், கேட்பதற்கும் கேளாமைக்கும் நடுவே உள்ள வரப்பில் குடிசை போட்டு வாழும் வாத்தியம் இது. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியால் 41 என்ற அதிர்வைக் கேட்கும்படி வெளியிடவே இயலாது. மேல்மடங்கு அதிர்வுகளை மட்டும் கேட்டுவிட்டு, இல்லாத அடிநாதத்தை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. புகையைக் கண்டு நெருப்பை அறிவதை அனுமானம் என்பர் தருக்க நூலார். கைப்பேசியில் பாட்டுக் கேட்பவர்க்கு பேஸ் கிட்டார் காட்சிப் பிரமாணம் அன்று, அனுமானப் பிரமாணம். நேரில் கேட்போர் நிலையும் பெரிதும் வேறன்று. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் நின்ற பிறகுதான் அது அதுவரை ஓடிக்கொண்டிருந்தது தெரியும். பேஸ் வாசிப்பவரின் புகழும் அத்தகையதே: அவர் நிறுத்தினால் கூட்டம் திரும்பிப் பார்க்கும்.

இப்படி, இருக்கும்போதைவிட இல்லாதபோது அதிகம் கவனிக்கப்படும் ஒரு வாத்தியத்துக்குச் சில ஆயிரம் டாலர் முதல் பத்தாயிரத்துக்கு மேலும் கொடுத்து, தேன்கூடு போல வரியோடிய மரத்தில், தன் உள்ளங்கை அளவுக்கு ஒன்று செய்யச் சொல்வது ஏன் என்பதே ஆய்வுப் பொருள்.

வரலாறு இதற்கு உதவுவதாயில்லை. 1930களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர், படுக்கையாகப் பிடித்து வாசிக்கும், ஃப்ரெட் (விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கீற்று) வைத்த மின் பேஸ் ஒன்றைச் செய்தார், உலகம் கண்டுகொள்ளவில்லை. 1951இல் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரசிஷன் பேஸ்தான் நிலைத்தது. ஃப்ரெட் இருப்பதால் சுருதி பிசகாது என்பதே அந்தப் பெயரின் பொருள். முதுகில் சுமந்து திரிய வேண்டிய ஆளுயர டபுள் பேஸிலிருந்து விடுதலை என்பது சொல்லாமற்போன பொருள். அதன் 34 அங்குலக் கம்பி நீளம் இன்றுவரை பெரும்பாலோர்க்கு அளவுகோல். கழுத்தைத் திருகாணியால் பூட்டியதும் காரணத்தோடுதான்: விரைவாகச் செய்யலாம், கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம். எவர் கைக்கும் பொருந்த வேண்டும், எந்தப் பாகமும் மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும் என்று பிறந்தது இவ்வாத்தியம். ஒருவர் கைக்கு மட்டும் பொருந்தும்படி அதைச் செய்யச் சொல்வது, நகரப் பேருந்தைத் தன் வீட்டு வாசல் அளவுக்குத் தைக்கச் சொல்வதை ஒக்கும்.

ஆயினும் இருபது ஆண்டுகளில் அது நிகழ்ந்தது. 1972இல் அலெம்பிக் என்னும் கலிஃபோர்னியப் பட்டறை ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் குழுவின் ஜாக் கசாடிக்காகத் தன் முதல் பேஸைச் செய்து தந்தது. 1975இல் பேஸ் கலைஞர் ஆந்தனி ஜாக்சன் கேட்டுக்கொண்டபடி கைவினைஞர் கார்ல் தாம்சன் ஆறு கம்பி பேஸ் ஒன்றைச் செய்தார். மேலும் இரண்டு கம்பி எதற்கு என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கிறார்கள். கேள்வியும் மாறவில்லை, கேட்பவர்கள் பெரும்பாலும் நான்கு கம்பிக்காரர்கள் என்பதும் மாறவில்லை. 1983இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஃபொடேரா பட்டறை தொடங்கியது. அதன்பின் சொல்லிச் செய்வது தனியொரு மரபாகிவிட்டது.

இங்கே எதிர்வாதி எழுவார். அவர் கையில் மூன்று சான்றுகள் உண்டு, மூன்றும் வலியவை. பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்கில் வாங்கிய வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸ் சுமார் 30 பவுண்டு பெற்ற கடைச்சரக்கு. இருபக்கமும் ஒத்த வடிவம் என்பதால் இடக்கையில் திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாது என்பது அதைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். அமெரிக்க மோட்டவுன் நிறுவனப் பாடல்களின் அடித்தளமான ஜேம்ஸ் ஜேமர்சன் வைத்திருந்தது 1962ஆம் ஆண்டின் சாதாரண பிரசிஷன். கம்பி அறுந்தாலொழிய அவர் மாற்றமாட்டார் என்பது இசைக்கலைஞர் வட்டாரத்தில் நெடுநாள் வழக்கு. ஜாக்கோ பாஸ்டோரியஸின் வாத்தியமோ ஃப்ரெட் பிடுங்கப்பட்டு, அந்தப் பள்ளங்கள் அடைக்கப்பட்டு, படகுக்குப் பூசும் எபாக்சி பூசப்பட்ட பழைய ஃபெண்டர் ஜாஸ் பேஸ். கைவினை மரபினர் இதற்குத் தரும் விடை அடக்கமானது, ஆதலால் மறுக்க முடியாதது: அவர்கள் மேதைகள், எதிலும் வாசிப்பார்கள், உதவி நமக்குத்தான் வேண்டும்.

இனி, ஆணை கொடுத்தல். கைவினைஞர் கேட்கும் முதற்கேள்வி, என்ன வேண்டும் என்பது. கேட்கப்பட்டவர் அக்கணம்வரை தமக்கு எல்லாம் தெரியும் என்றிருந்தவர். கழுத்தின் மேல்நுனி 38 மில்லிமீட்டரா, 41ஆ? கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பாலத்தில் கம்பிக்குக் கம்பி 19 மில்லிமீட்டரா, பதினாறரையா? கழுத்தின் பின்புறம் முட்டை வடிவமா, சப்பையா? கழுத்து உடலோடு ஒட்டியதா, பூட்டியதா, இல்லை உடலின் நடுவே ஊடுருவிச் செல்வதா? இவற்றுக்கு விடை சொல்ல, ஏற்கெனவே வீட்டிலுள்ள வாத்தியத்தை அளந்து பார்ப்பதே வழக்கம். அளந்ததும், பத்தாண்டாகக் குறை சொல்லிவந்த அதன் அளவுகளே தமக்குப் பொருந்தியிருப்பது தெரியவரும். அதை அப்படியே எழுதிக்கொடுப்பது தன்மானத்துக்கு இழுக்கு என்பதால், ஒரு மில்லிமீட்டர் கூட்டியோ குறைத்தோ எழுதுவர். அந்த ஒரு மில்லிமீட்டரே ‘சொல்லிச் செய்தது’ என்னும் பட்டத்துக்கு உரிமை தருகிறது.

மரம் பற்றிய அதிகாரம் பெரியது, சண்டையும் அங்கேதான். உடலுக்கு ஆஷ், ஆல்டர், மஹோகனி, வால்நட்; கழுத்துக்கு மேப்பிள்; விரல்பலகைக்குக் கருங்காலி அல்லது ஈட்டி. ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்வர், நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளின் மரம். கறுப்போடிய ஊதா வரிகளுக்காகவும் உறுதிக்காகவும் உலகெங்கும் விரல்பலகைக்கு விரும்பப்படுவது. பிரேசில் நாட்டு ஈட்டியின் வணிகம் 1992 முதலே பன்னாட்டு உடன்படிக்கையால் முடக்கப்பட்டது. 2017 ஜனவரியில் ஈட்டிப் பேரினம் முழுவதும் கட்டுப்பாட்டின்கீழ் வந்தபோது, ஈட்டி வைத்த கிட்டாரை நாடுவிட்டு நாடு விற்று அனுப்புவோரெல்லாம் மரத்தின் குலம் கோத்திரம் எழுதி அனுமதித் தாள் வாங்க வேண்டியதாயிற்று. 2019 இறுதியில்தான் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் தாவரவியல் பெயரைப் பிழையில்லாமல் எழுதக் கற்ற பேஸ்காரர்கள் பலர். அந்த ஒப்பந்தத்தின் கல்விப்பயன் இன்னும் மதிப்பிடப்படவில்லை.

மரத்தால் ஒலி மாறுமா என்பது வழக்கு. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றாகச் சுற்றிய, தலைமுடியளவு மெல்லிய செப்புக் கம்பி. எஃகுக் கம்பி அதன்மேல் ஆடும்போது சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. பிக்கப்புக்கு மரம் தெரியாது, எஃகுதான் தெரியும் என்பது ஒரு சாரார் துணிபு. அந்த எஃகு ஆடுவது மரத்தின்மேல்தானே, மரம் உறிஞ்சிக்கொள்வது போக மிச்சம்தானே பிக்கப்புக்கு என்பது மற்றவர் விடை. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் பிக்கப்பின் உயரத்தைத் திருகாணியால் ஒரு சுற்று மாற்றினால் கேட்கும் வேறுபாட்டின் முன் மரத்தின் வேறுபாடு தலைகுனிந்து நிற்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். திருகாணி சுற்றக் காசு இல்லை. அதனாலேயே அதை யாரும் நம்புவதில்லை. உடலின் முகப்பில் சில மில்லிமீட்டர் கனத்துக்கு ஒட்டும் அழகு மரத்தைப் பற்றி ‘ஒலியில் ஒரு தெளிவு வரும்’ என்று உரிமையாளர் சொல்வது, பட்டுச்சேலை உடுத்தினால் குளிராது என்பதைப் போன்ற உண்மை.

முன்பணம் சென்றதும் காத்திருப்பு தொடங்குகிறது. இதை எந்தத் திணையில் அடக்குவது? தலைவன் திரும்பி வருவான் என்ற உறுதியோடு ஆற்றியிருத்தல் முல்லை. பணத்தைக் கொடுத்துவிட்டுப் பாதையைப் பார்ப்பது பாலை என்று வாதிடுவோர் உளர். பட்டறையிலிருந்து மூன்று மாதம் மடல் வராத காலத்துக்கு மட்டும் அதை ஒப்புக்கொள்ளலாம். கார்ப்பருவம் வந்தும் தலைவன் வராதபோது, இது கார் அன்று, காலமல்லாக் காலத்து மழை என்று தோழி தேற்றுவாள். இங்கே தோழிக்கு இணை, அதே கைவினைஞரிடம் முன்னரே காத்திருந்து பெற்ற மற்றொரு பேஸ்காரர். ‘அவர் சொன்ன எட்டு மாதம் என்பது நமது எட்டு மாதம் இல்லை’ என்று அவரும் அதே முறையில்தான் தேற்றுகிறார்.

தாமதத்துக்கு மெய்யான காரணங்கள் உண்டு. மரத்தை அறுத்தவுடன் உள்ளே அடைபட்டிருந்த இறுக்கம் விடுபட்டு அது சற்றே முறுக்கிக்கொள்ளும். ஆதலால் கழுத்தை முக்கால்வாசி வடித்து, வாரக்கணக்கில் சும்மா வைத்து, அது எந்தப் பக்கம் கோணுகிறது என்று பார்த்து மறுபடி சீவுவர். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூசினால் முழுக்க இறுகப் பல வாரம் ஆகும். எனவே ‘உலர்கிறது’ என்ற பதில் ஏறத்தாழ எந்த நாளிலும் பொய்யாகாது. இடையிடையே படம் வரும்: முதலில் ஒரு பலகை, பிறகு அதே பலகையில் பென்சில் கோடு, பிறகு கோட்டின்படி அறுத்த பலகை. காத்திருப்பவர் அப்படங்களைக் கருவுற்ற வீட்டில் ஸ்கேன் படத்தைக் காட்டுவதுபோல் காட்டுவார். பார்ப்பவரும் அதே போல, எது தலை எது கால் என்று தெரியாமல் தலையாட்டுவார்.

வாத்தியம் வந்து சேரும் நாளில் எட்டு மெய்ப்பாடுகளுள் ஏழு அரைமணி நேரத்தில் தோன்றி மறையும். நகை மட்டும் உடனிருப்போர்க்கு உரியது. முதல் வியப்பு எடை: படத்தில் எடை தெரியாது. நான்கரைக் கிலோவைத் தோளில் மாட்டி இரண்டு மணி நேரம் நிற்கலாம் என்பது ஆணை கொடுத்த நாளின் கணிப்பு; அப்போது வயதும் ஒன்றரை ஆண்டு குறைவு. இரண்டாவது, முதற் கீறல். அது வார்ப்பட்டையின் கொக்கியாலோ, சட்டைப் பொத்தானாலோ, பெரும்பாலும் முதல் வாரத்திலேயே நேர்கிறது. கடைச்சரக்கில் கீறல் அனுபவம் எனப்படும். இங்கே அது விபத்து.

வீட்டாரின் நிலைப்பாடு தெளிவானது: ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே? இக்கேள்விக்கு இதுவரை எந்த விடையும் நிறைவு தந்ததில்லை. புதியது தனி அறையில், திறந்த தாங்கியில், வெளிச்சம் படும்படி வைக்கப்படுவதும், இரவு பதினொரு மணிக்கு அதைத் துடைப்பதும் மருதத்திணைக்குரிய ஊடலை வளர்க்கும். வாயில்களாகப் பாணர் வரலாம் என்பது மரபு. வந்தாலும் அவர்களும் பேஸ்காரர்கள் என்பதால் பயனில்லை.

உடைமையின் அன்றாடத் துயரங்களுள் தலையாயது ஒன்பது வோல்ட் பேட்டரி. உள்ளே ஒலிச்சீர் மின்சுற்று வைத்த வாத்தியங்களுக்கு அது உயிர்நாடி. கேபிளைச் செருகினாலே சுற்று விழித்துக்கொள்ளும். இரவுதோறும் கேபிளைப் பிடுங்க மறந்து தூங்கினால், நான்கு நாட்டு மரமும் கைவினைஞரின் இருபதாண்டு அனுபவமும் சேர்ந்த அந்தப் பொருள், பெட்டிக்கடையில் கிடைக்கும் ஒரு செவ்வகத் துண்டு தீர்ந்ததால் மேடையில் ஊமையாகும். அவ்வேளையில் பக்கத்தில் நிற்கும் கிட்டார்காரர் கவனிக்கமாட்டார். பாட்டில் ஏதோ குறைகிறது என்று மட்டும் அவருக்குத் தோன்றும்.

அடுத்தது பருவம். நான்கு கம்பியும் சேர்ந்து கழுத்தின்மேல் 70, 80 கிலோ இழுவை செலுத்துகின்றன. இதைத் தாங்கக் கழுத்தினுள் ஓர் எஃகுக்கோல் உண்டு. கிப்சன் நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹியூ 1920களில் காப்புரிமை பெற்ற உத்தி. நியூயார்க் குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெப்பமூட்டி ஓட, காற்று உலர்ந்து மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது, ஃப்ரெட் முனைகள் விளிம்பில் துருத்தி விரலைக் கீறும். உரிமையாளர் ஈரமானி வாங்குவார், பிறகு ஈரமூட்டி வாங்குவார். நடுக்கூடத்தில் மனிதர்க்கு இல்லாத தட்பவெப்பம் அந்த ஓர் அறையில் நிலவும்.

இவ்வளவுக்குப் பின் கச்சேரிக்கு எது போகிறது என்று நோக்கினால், பழைய கடைச்சரக்கே போகிறது. வேனில் ஏற்றுவார்கள், யாராவது மேலே உட்கார்வார்கள், பானம் கொட்டும். அதற்கு அது போதும் என்பது உரிமையாளர் கூற்று. சொல்லிச் செய்தது வீட்டில் இருந்து, ஹெட்ஃபோன் வழியாக ஒருவர் காதுக்கு மட்டும் ஒலிக்கிறது. ஆய்வின் தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடையும் இங்கேதான் கிடைக்கிறது. கூட்டம் கேட்காத வாத்தியத்தைக் கூட்டத்துக்காக யாரும் செய்யச் சொல்வதில்லை. தாழ்ந்த கம்பியை மீட்டும்போது உடலின் பின்பலகை விலா எலும்பில் அதிர்வதை உணர்பவர் உலகில் ஒருவரே; பத்தாயிரம் டாலரும் அந்த ஒருவருக்காகச் செலவழிந்தது.

விற்றல் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஒரு கைக்குச் செய்தது மறுகைக்குப் பொருந்தாது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் சிப்பியால் பதித்த பெயரெழுத்து, வாங்க வருபவரின் பெயரெழுத்தாக அமைவது அரிது. விலை பாதியாகும். ஆகவே பெரும்பாலோர் விற்பதில்லை. இரண்டாவதாக ஒன்று சொல்கிறார்கள். இம்முறை கைவினைஞர் என்ன வேண்டும் என்று கேட்கும்போது தடுமாற்றம் இராது. முதலாவதைப் போலவே, ஆனால் அரைக் கிலோ குறைவாக, மேல்நுனி மட்டும் ஒரு மில்லிமீட்டர் பழையபடி.