அணுக்கத் தொண்டர்

காவேரிப் பாசன ஜில்லா ஒன்றின் கலெக்டர் கச்சேரியில் ஹுசூர் சிரஸ்தாராக உயர்ந்துவிட்ட ஒருவருக்கு, அந்தப் பதவியோடு கூடவே வந்து சேருகிறவை பல. திரைச்சீலை போட்ட தனி அறை ஒன்று வருகிறது. வாசலில் வில்லை தரித்த சேவகன் ஒருவன் வருகிறான். குமாஸ்தாக்களின் பர்ஸனல் ரிஜிஸ்டர்களைப் புரட்டிப் பார்த்து, எந்தத் தபால் எவருடைய மேஜையில் எத்தனை நாளாக உறங்குகிறது என்று கண்டுபிடிக்கும் அதிகாரமும், அந்த அதிகாரத்தின் பலனாகிய தலைவலியும் வருகின்றன. இவற்றுக்கெல்லாம் மேலாக, எந்த அரசாங்க உத்தரவிலும் குறிப்பிடப்படாமல், எந்த பட்ஜெட்டிலும் தொகை ஒதுக்கப்படாமல், சார்ஜ் ஒப்புக்கொண்ட அன்று மாலை மூன்று மணிக்கே ஒருவர் வந்து சேருகிறார். அவரைத்தான் அணுக்கத் தொண்டர் என்று நான் அழைக்க விரும்புகிறேன்.

அவரை அடையாளம் கண்டுகொள்வது கடினமன்று. வயது நாற்பதை ஒட்டியிருக்கும். உத்தியோகம் யு.டி. குமாஸ்தா. சிரஸ்தாரோடு தாழ்வாரத்தில் நடந்து செல்லும்போது அவர் முன்னேயும் போகமாட்டார், சரிசமமாகவும் வரமாட்டார். அரையடி பின்தங்கி, மேலதிகாரியின் வலது தோளுக்கு நேராகத் தம்முடைய இடது காது இருக்கும்படியாக உடம்பைச் சற்றே சாய்த்துக்கொண்டு, எதிரே வருகிற சக குமாஸ்தாக்களுக்கெல்லாம், "முக்கியமான விஷயம் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்பதைப் புருவத்தாலேயே தெரிவித்துக்கொண்டு வருவார். பேசிக்கொண்டு வருவது பெரும்பாலும் கத்தரிக்காய் விலையாக இருக்கும்.

அவருடைய சித்தாந்தம் மிகவும் எளிது. விண்ணப்பம் எழுதிப் பெறமுடியாத எதையும், எழுதாமலே ஒரு டபரா காப்பியைக்கொண்டு பெற்றுவிடலாம் என்பது அது. 1922-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த பண்டமெண்டல் ரூல்ஸ் என்னும் சாஸ்திரத்தின் 24-வது விதி, நிறுத்திவைக்கப்பட்டாலொழிய இன்கிரிமெண்டானது கிரமப்படி வந்துசேர வேண்டியது என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லுகிறது. தொண்டர் அந்த விதியைப் படித்தவர்தாம். இருந்தாலும், யாரும் சொல்லிவைக்காமல் ஒரு நன்மை தானாக ஒரு மனிதனைத் தேடிக்கொண்டு வரும் என்பதை அவருடைய அந்தராத்மா ஒப்புக்கொள்வதில்லை.

ஆகையால் அவர் மூன்று மணிக் காப்பிக்குக் காலையிலிருந்தே தயாராகிறார். வள்ளுவர் குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பை இரண்டு இடங்களில் வைத்திருக்கிறார்: அரசனுடைய முகத்தைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டியவர்களுக்காகப் பொருட்பாலில் 71-வது அதிகாரமாக ஒன்று, காதலியின் கண்ணைப் பார்த்துத் தவிக்க வேண்டியவர்களுக்காகக் காமத்துப்பாலில் 110-வது அதிகாரமாக மற்றொன்று. நம் தொண்டர் முன்னதில் சொன்ன காரியத்தைப் பின்னதில் சொன்ன தாபத்தோடு செய்கிறவர். சிரஸ்தாரின் மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தால் மனம் குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பொடிமட்டையை அடுத்தடுத்து இரண்டுமுறை திறந்தாரானால், அந்நாளில் சேப்பாக்கத்தில் இருந்த ரெவின்யூ போர்டிலிருந்து நினைவூட்டுக் கடிதம் ஏதோ வந்திருக்கிறது, அன்றைக்குத் தாமும் காப்பியும் வாய் திறக்கலாகாது என்று அர்த்தம்.

கண்ணாடி நெற்றிக்கு ஏறிய ஒரு நாளில், கச்சேரிக்கு எதிரேயுள்ள காப்பி கிளப்பின் மூலை மேஜையில் நடைபெறும் சம்பாஷணையைக் கேட்பதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

"இந்த வருஷம் வெயில் ஜாஸ்திதான்" என்பார் சிரஸ்தார்.

உடனே ஆமாம் போட்டுவிடுவது கற்றுக்குட்டிகளின் வேலை. நம் தொண்டர் ஒரு கணம் யோசிப்பார், ஜன்னலுக்கு வெளியே தெருவை நோட்டம் விடுவார், "அப்படியா ஸார்? எனக்கென்னமோ போன வருஷந்தான் அதிகமென்று படுகிறது" என்று மெல்ல ஆட்சேபிப்பார். சிரஸ்தார் போன வருஷத்துக் கோடைமழையையும், அதற்கு முந்திய வருஷத்துப் புழுக்கத்தையும், தம் வீட்டுக் கிணற்றின் உறைகளையும் சாட்சிக்கு அழைத்து வாதித்து முடித்த பிறகே, வித்வத்சபையில் தோற்றுப்போன பண்டிதரைப்போல் தலைகுனிந்து, "நீங்கள் சொன்ன பிறகுதான் ஸார் புரிகிறது" என்று சரணாகதி அடைவார். சுலபமாகக் கிடைத்த சம்மதத்தைக் காட்டிலும் வாதாடி ஜயித்த சம்மதத்தில்தான் மேலதிகாரிகளுக்கு ருசி என்பது அவர் அநுபவத்தில் கண்ட ரகசியம்.

இனி அவர் தம்முடைய காரியத்துக்கு வருவார். உலகத்தில் எந்த விஷயத்திலிருந்து புறப்பட்டாலும் ஐந்தே படிகளில் மாற்றல் உத்தரவுக்கு வந்து சேர்ந்துவிடும் வித்தை அவருக்குக் கைவந்தது. வெயிலென்றால் தாகம், தாகமென்றால் தண்ணீர், தண்ணீரென்றால் வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீர், உப்புத் தண்ணீரென்றால் தம் சம்சாரத்தின் வயிற்றுக்கோளாறு, வயிற்றுக்கோளாறு என்றால், ஜில்லாத் தலைநகரை விட்டு ஓரடியும் நகரலாகாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்ட டாக்டர்.

"அந்தப் பக்கம் மாற்றல் லிஸ்டு ஏதோ தயாராகிறதென்று கேள்விப்பட்டேன். எனக்காகக் கேட்கவில்லை ஸார், பொதுவாகக் கேட்டேன்."

சிரஸ்தார் காப்பியை டபராவிலிருந்து தம்ளருக்கும் தம்ளரிலிருந்து டபராவுக்குமாக இரண்டுமுறை நிதானமாக ஆற்றுவார். "1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து கால்நடையாகவே போய்ச் சேர்ந்த ஊருங்காணும் அது. உமக்கு ரயில் இருக்கிறதே" என்பார்.

தொண்டர் விழுந்து விழுந்து சிரிப்பார். சிரிப்பு முடிந்ததும் அந்த வாக்கியத்தில் 'போ' என்பது தொனிக்கிறதா, 'இரு' என்பது தொனிக்கிறதா என்று இரவெல்லாம் தூக்கமின்றி ஆராய்வார்.

இப்படிக் கிடைக்கிற வாக்கியங்களை அவர் வீணாக்குவதே கிடையாது. சென்னை ராஜதானிக் காலத்திலிருந்து நம் கச்சேரிகளில் வழங்கும் டாட்டன்ஹாம் முறைப்படி, முடிந்துபோன காகிதங்களை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு: எல்.டிஸ். என்றால் ஒரு வருஷம், கே.டிஸ். மூன்று வருஷம், டி.டிஸ். பத்து வருஷம், ஆர்.டிஸ். என்றால் என்றைக்கும். தொண்டருடைய மனமாகிய ரிக்கார்டு ரூமிலும் இதே ஏற்பாடுதான். வெயிலையும் கத்தரிக்காயையும் பற்றிய அபிப்பிராயங்கள் எல்.டிஸ்.; மாற்றலைப் பற்றி ஜாடையாக வந்த சொற்கள் கே.டிஸ்.; சிரஸ்தாரின் பேத்திக்கு ஆண்டு நிறைவு என்றைக்கு, மாப்பிள்ளைக்கு எந்த ஊரில் வேலை என்பன போன்றவை டி.டிஸ்.; அவருக்குக் காப்பியில் சர்க்கரை அரைக் கரண்டிதான் என்பது ஆர்.டிஸ். அசல் காகிதத்தையே அனுப்பினவருக்குத் திருப்பிவிடுகிற என்.டிஸ். என்ற வகையும் ஒன்று உண்டல்லவா? திங்கட்கிழமை சிரஸ்தார் சொன்ன கருத்தை வியாழக்கிழமை தம்முடைய சொந்தக் கருத்தாக அவரிடமே சமர்ப்பிக்கும்போது தொண்டர் இந்த வகையை அனுசரிக்கிறார். "நானும் அப்படித்தான் ஐயா நினைத்தேன்!" என்று சிரஸ்தார் வியப்பார்.

ஆனால் அந்த மூலை மேஜையில் தபாலாகக்கூடப் பதிவாகாமல் போகிற விஷயங்களும் சில உண்டு. ஜமாபந்தி நெருங்கும் சமயம் அது. தொண்டர் நாலாவது படியில், அதாவது சம்சாரத்தின் வயிற்றுக்கோளாறில், காலை வைத்திருந்தபோது சிரஸ்தார் குறுக்கிட்டார்.

"அது கிடக்கட்டும். நேற்று ஓர் அடங்கல் வந்தது, பாரும். மாதாமாதம் கர்ணம் வயலுக்குப் போய்ப் பார்த்து எழுத வேண்டிய கணக்கு. புரட்டாசியில் நட்ட சம்பாவும் பங்குனியில் பிடுங்கின உளுந்தும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரு திருத்தம் இல்லாமல் முத்து முத்தாக இருக்கின்றன. வயலில் நின்று எழுதுகிறவனுக்குக் கை இவ்வளவு சுத்தமாக வருமா? ஒரே ராத்திரியில் திண்ணையில் உட்கார்ந்து விளக்கு வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறான். அடங்கலில் முதலில் மையைப் பார்க்க வேணும் ஐயா, பயிரைப் பிற்பாடு பார்க்கலாம்."

முப்பது வருஷ சர்வீஸில் விளைந்த ஞானத்தை இவ்விதம் ஒரு காப்பி ஆறுகிற நேரத்துக்குள் அவர் தானமாக வழங்கிக்கொண்டிருந்தபோது, தொண்டர் தலையை அசைத்துக்கொண்டே, இந்த அடங்கல் எப்போது அடங்கும், தாம் எப்போது ஐந்தாவது படிக்கு ஏறலாம் என்று தவித்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேஜையில் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த, உத்தியோகத்துக்குப் புதிதான எல்.டி. குமாஸ்தா ஒருவன்தான் இட்லியை வாயில் வைக்கவும் மறந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிற்காலத்தில் அவன் தாசில்தாரானபோது, ஜமாபந்திக்கு அடங்கலைக் கொண்டுவரும் கர்ணங்கள் மூன்று வித மையும் இரண்டு பேனாவும் தேடி அலைந்தார்கள் என்று கேள்வி.

சிரஸ்தார் ஒன்றும் தெரியாதவர் என்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. ஐந்து படிகளும் அவருக்கு மனப்பாடம். ஆனால் வீட்டில் அவருடைய கிணற்று உறைகளின் சரித்திரத்தைக் கேட்பதற்கு ஆளில்லை. அம்மாளுக்கு அடுக்களையில் வேலை, பிள்ளைகளுக்குச் சினிமாவில் வேலை. ஆகவே, தம்முடைய பேச்சைக் கேட்பதற்குக் கூலியாக அவ்வப்போது ஒரு மாற்றலைத் தள்ளிவைப்பது நியாயமான விலைதான் என்று அவர் கருதினார். தவிர, காப்பிக்கு அணாக்களைக் கொடுத்தவரும் எப்போதும் தொண்டரே.

சிரஸ்தார் 55 வயது பூர்த்தியாகி, ரோஜா மாலையோடும் குரூப் போட்டோவோடும் விடைபெற்றுக்கொண்டார். சீனியாரிட்டி லிஸ்டு யாருடைய காப்பியையும் எதிர்பாராமல் தன்னுடைய கிரமப்படி நகர்ந்துகொண்டே வந்து, வருஷங்கள் பல கழித்து நம் தொண்டரையும் அந்தத் திரைச்சீலை போட்ட அறையில் கொண்டு உட்கார்த்தியது. அவ்வளவும் காப்பியின் மகிமை என்றே அவர் நம்பினார். சார்ஜ் ஒப்புக்கொண்ட அன்று மாலை மூன்று மணிக்கு, யு.டி. குமாஸ்தா ஒருவர் வாசலில் வந்து, உடம்பைச் சற்றே சாய்த்துக்கொண்டு நின்றார்.

இந்த வித்தையின் ஒவ்வொரு படியும் அறிந்தவர் ஆதலால், புதியவரை முதல் நாளிலேயே அவர் கண்டுபிடித்து விரட்டியிருக்க வேண்டுமல்லவா? அன்றிரவு சாப்பாட்டு இலையில் உட்கார்ந்துகொண்டு, அவர் தம் மனைவியிடம் சொன்னாராம்: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியவில்லை என்று எல்லாரும் குறை சொல்லுகிறார்கள். நம் ஆபீஸில் ஒருவன் இருக்கிறான். நான் சொன்னதை லேசில் ஒப்புக்கொள்வதில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்து யோசிக்கிறான், எதிர்த்துக்கூடப் பேசுகிறான். காரணத்தை எடுத்துச் சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்கிறான். பொய் முகஸ்துதி தெரியாத பிள்ளை! அவன் சம்சாரத்துக்குத்தான் பாவம், வயிற்றில் ஏதோ கோளாறாம்."