இடது முன்னிருக்கை: தந்தையுடன் செம்மணற்காட்டுக்குப் போவது பற்றிய ஆய்வு

தந்தையைக் காரில் ஏற்றிக்கொண்டு வறண்ட நிலம் பார்க்கப் போவது ஒரே சாலையில் நடக்கும் இரண்டு பயணங்கள். ஓட்டுபவர் நிலத்தைப் பார்க்கப் போகிறார். இடது முன்னிருக்கையில் இருப்பவர் ஓட்டுவதைப் பார்க்கப் போகிறார். ஓட்டுபவர் மகனாகவும் இருக்கலாம், மகளாகவும் இருக்கலாம். வயது நாற்பதைத் தாண்டியிருந்தாலும் அவருடைய ஓட்டுநர் உரிமம் தற்காலிகமானது என்பதே தந்தையின் நிலைப்பாடு. இல்லாத பிரேக்கை இடது பக்கத்துத் தந்தை வலது காலால் மிதிப்பது இத்துறையின் அடிப்படைத் தரவு. தாயுடன் செல்லும் பயணம் கட்டுச்சோற்றையும் உறவினர் வீடுகளையும் மையமாகக் கொண்ட தனித் துறையாதலால் இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

இந்த ஆய்வு திருவனந்தபுரத்துப் பழவங்காடியில் புறப்படும் வண்டிகளுக்கு மட்டும் பொருந்தும். காரணம் இரண்டு. முதலாவது, ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை பெய்யும் திருவனந்தபுரத்தில் ஒரு மதிற்சுவரைக்கூடப் பாசியில்லாமல் பார்ப்பது அரிது; வெறும் நிலத்தைக் காண ஆசைப்படுபவர் ஊரை விட்டு வெளியேறியே ஆக வேண்டும். இரண்டாவது, கிழக்கேகோட்டைப் பக்கம் உள்ள பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைக்காமல் எந்தத் தந்தையும் நெடுஞ்சாலை ஏறுவதில்லை. பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர்ப் படை வழிபட்ட பிள்ளையார், தலைநகரம் இடம்பெயர்ந்தபோது படையோடு இங்கே வந்தார் என்பது கோயில் வரலாறு. இன்றும் கோயிலை நடத்துவது இந்திய ராணுவம். கோயில் ஒழுங்காக இருப்பதற்கு இதையே காரணமாகச் சொல்லும் தந்தையர், அதே ஒழுங்கைக் காரின் டிக்கியில் எதிர்பார்க்கிறார்கள். தேங்காய் ஒரே வீச்சில் சிதறினால் பயணம் நல்லபடி முடியும். சிதறாவிட்டாலும் பயணம் உண்டு. வேகம் மட்டும் மணிக்கு அறுபதுக்குக் குறைக்கப்படும்.

புறப்பாட்டு நேரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது விடியலுக்கு முன்பு. அதற்கும் முன்பே "காத்து அடிச்சாச்சா?" என்ற கேள்வி கேட்கப்பட்டிருக்கும்.

முதல் கருத்து வேறுபாடு ஊர் எல்லைக்குள்ளேயே எழுகிறது. தெற்கே போக இரண்டு வழிகள் உள்ளன. கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை செல்லும் புறவழிச்சாலை விரைவானது. ஆனால் அதில் திருவல்லத்தில் சுங்கச்சாவடி இருக்கிறது. கரமனை, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை வழியாகச் செல்லும் பழைய சாலை நெரிசல் மிகுந்தது, அதில் சுங்கமில்லை. தந்தை பழைய சாலையைத் தேர்ந்தெடுப்பதற்குப் பணம் மட்டும் காரணமல்ல. 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமாக்கப்பட்டதும், இடது முன்னிருக்கையின் தொன்மையான தொழில் ஒன்று ஒழிந்துபோனது: சில்லறையை எண்ணி வைத்திருப்பது, ரசீதை வாங்கி நாலாக மடிப்பது, மீதிக் காசு சரியா என்று சாவடி கடந்த பிறகும் பார்ப்பது. வேலை பறிபோன இடத்தை அவர் தவிர்க்கிறார் என்பதே இவ்வாய்வின் முடிபு.

களியக்காவிளை தாண்டியதும் பெட்ரோல் போடப்படும். கேரளத்தைவிடத் தமிழ்நாட்டில் விலை குறைவு என்பதால், எல்லை வரை மட்டும் ஓடப் போதுமான எரிபொருளுடன் புறப்படுவது ஒரு கலை. அது தந்தைவழியாகவே கைமாறுகிறது.

மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் வரைக்கும் பச்சை விடுவதில்லை. தோவாளை கடந்து ஆரல்வாய்மொழியில் மலை இரண்டாக விலகும் இடத்தில்தான் நிலம் மாறுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் உள்ள இந்தக் கணவாய் திருவிதாங்கூரின் வாசலாக இருந்தது. திவான் வேலுத்தம்பியின் கிளர்ச்சியின்போது, 1809-ல், கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இங்கிருந்த அரணைக் கைப்பற்றித்தான் உள்ளே புகுந்தது. தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தையெல்லாம் மலையின் மேற்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, வறண்டு, இந்த இடுக்கில் நெருக்குண்டு வேகமெடுக்கிறது. முப்பந்தலின் காற்றாலைகள் நிற்பது அதன் பாதையில். இங்கே தந்தை சொல்லும் வாக்கியம் ஒன்றே: "கண்ணாடிய ஏத்து, மண்ணு வரும்." ஓட்டுபவர் இதை வயதின் பிடிவாதமாக எடுத்துக்கொள்கிறார். பின்னால் வரப்போவதைப் பார்த்தால் இது நிலவியல்.

முப்பந்தல் இசக்கியம்மனுக்கு வண்டியை நிறுத்திவிட்டுத்தான் மேலே போக வேண்டும். காற்றாலைகளைப் படம் எடுப்பதற்கும் அதே நிறுத்தம் பயன்படுகிறது என்பதால் இரு தரப்பும் மனம் ஒத்து இறங்கும் இடம் இது மட்டுமே.

காவல்கிணற்றில் திரும்பி, ராதாபுரம், திசையன்விளை வழியாகக் கடற்கரைச் சமவெளியில் நுழைந்தால் தேரி தென்படும். தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளம், மெய்ஞ்ஞானபுரம், குதிரைமொழி ஆகிய ஊர்களை ஒட்டியும் நெல்லை மாவட்டத்தின் கடலோரத்திலும் பரவிக் கிடக்கும் செம்மணல் மேடுகள் இவை. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு சிவப்பான மணல் கிடப்பது பார்ப்பவரைத் திகைக்க வைக்கும். மணல் துகள்களின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் நிறத்துக்குக் காரணம். தந்தை குனிந்து ஒரு பிடி அள்ளி, விரலிடுக்கில் ஒழுகவிட்டு, "இது இந்த ஊரு மண்ணே இல்ல" என்பார். நிலவியலாளரும் ஏறத்தாழ அதையே சொல்கிறார்கள்: மேற்கே உள்ள செம்மண் சமவெளியைக் கணவாய்க் காற்று வாரி வந்து, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடலோரத்தில் குவிக்கத் தொடங்கியது. கண்ணாடியை ஏற்றச் சொன்னதும் இந்தக் காற்றுக்காகத்தான். தந்தையின் கூற்றுகளை முதலில் மறுத்துவிட்டுப் பின்னர் சரிபார்க்கும் முறை இத்துறையில் நீண்டகாலமாக நிலவுகிறது. அதைத் தலைகீழாக்கினால் நேரம் மிச்சமாகும்.

'வெறும் நிலம்' என்ற கருத்தை அவர் ஏற்காததே அடிப்படைச் சிக்கல். ஓட்டுபவர் மணலில் மணலைப் பார்க்கிறார். தந்தை பனையைப் பார்க்கிறார், கொல்லா மரத்தைப் பார்க்கிறார், உடைமரத்து நிழலில் யாருடைய ஆடு என்று பார்க்கிறார். சென்ட் என்ன விலை போகிறது என்று பதநீர் விற்பவரிடம் கேட்கிறார். குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டதிலிருந்து இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடை வருத்தம் தருவதாக இருக்கிறது. இலங்கையைச் சுற்றி வளைந்து போகாமல் நேரே தெற்கு நோக்கி ராக்கெட் விடலாம் என்பதற்காக அறிவியலாளர் தேர்ந்த இடத்தை, முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தான் வாங்கியிருக்கலாமே என்று அவர் நினைக்கிறார்.

நிலம் வெறுமையல்ல என்பதிலும் சான்றுகள் அவர் பக்கமே. தேரிகளில் கிடைத்த சிறு கற்கருவிகளைப் பற்றி சாய்னரும் ஆல்சினும் 1956-ல் எழுதிய கட்டுரை தென்னிந்தியத் தொல்லியலில் முக்கியமானது; பழங்கால வேட்டைக்காரர்கள் இந்த மேடுகளில் வாழ்ந்திருக்கிறார்கள். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் செம்மணலுக்கு நடுவே சுனை இருக்கிறது. மணல் மழையைக் குடித்து, அடியில் உள்ள இறுகிய படுகையின் மேல் தேக்கி, தாழ்ந்த இடத்தில் கசியவிடுவதால் இது நிகழ்கிறது. தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் கார்த்திகை மாதக் கடைசியில் நடக்கும் கள்ளர்வெட்டுச் சடங்குக்கு வரும் கூட்டம், வெட்டு நடந்த இடத்து மண்ணை மடியில் கட்டிக்கொண்டு போகும். வெறும் நிலத்தில் இத்தனை நடமாட்டம் கூடாது.

வண்டி மணலில் புதைவது இப்பயணத்தின் நடுப்பகுதியில் தவறாமல் நிகழும் கட்டம். முன்சக்கரங்களால் இழுபடும் சாதாரண கார் செம்மணலில் நின்றுவிட்டால், ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தக் குழிதான் ஆழமாகும். டயரில் காற்றைக் குறைத்தால் அது தரையில் பரந்து அழுந்தி, மணலைத் தோண்டாமல் உருளும்; பாலைவனங்களில் வண்டி ஓட்டுபவர்கள் கைக்கொள்ளும் வழி இது. ஆனால் காற்றை அடிக்கச் சொல்வதையே வாழ்நாள் கடமையாகச் செய்துவந்தவரிடம் காற்றை இறக்கச் சொல்வது எளிதல்ல. பேச்சுவார்த்தை நடக்கும். இதற்குள் பக்கத்துத் தோப்பிலிருந்து இரண்டு பேர் வந்து, சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரிவிட்டு, பனை மட்டைகளைக் குறுக்கே போட்டு, "மெல்ல எடுங்கண்ணே" என்று பின்னாலிருந்து தள்ளி முடித்துவிடுவார்கள். மட்டை யோசனை தன்னுடையது என்று தந்தை பின்னர் கூறுவார். அவர் சொன்னதும் அவர்கள் செய்ததும் ஒரே சமயத்தில் நிகழ்ந்ததால் உரிமையை நிறுவ வழியில்லை.

வறண்ட நிலத்தில் பிள்ளைகள் தேடும் பள்ளத்தாக்கு என்ற கூறு தேரியில் சிறிய அளவிலேயே கிடைக்கிறது. மழைநீர் மேட்டை அறுத்துக்கொண்டு ஓடிய இடங்களில் செங்குத்தான செம்மண் சுவர்கள் நிற்கின்றன. சரியான கோணத்தில் படம் எடுத்தால் அரிசோனா என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு தடுப்பணை கட்டியிருந்தால் மண் போயிருக்காது என்று தந்தை சொல்லிக்கொள்வார்.

அளவில் போதாது என்று கருதும் பிள்ளைகள் ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்துக் கண்டிக்கோட்டை வரை போகிறார்கள். 44-ம் எண் நெடுஞ்சாலையில் மதுரை, சேலம், கிருஷ்ணகிரி என்று வடக்கே ஏறிச் செல்லும் இரண்டு நாள் வேலை அது. இடையில் எந்த உறவினர் வீட்டில் தங்குவது என்பது பாதையையே மாற்றக்கூடியது. எர்ரமலைக் குன்றுகளைப் பெண்ணாறு அறுத்து உண்டாக்கிய இடுக்கின் விளிம்பில், சிவந்த பாறைகளுக்கு மேல் அந்தக் கோட்டை நிற்கிறது. பெம்மசானி நாயக்கர்கள் ஆண்ட அதைக் கோல்கொண்டாவின் மீர் ஜும்லா கைப்பற்றினார். 1652-ல் வைர வணிகர் தாவர்னியே அவரைச் சந்தித்தது இங்கேதான். மாதவராயர் கோயிலும் ஜாமியா மசூதியும் பெரிய தானியக் களஞ்சியமும் இன்னும் இருக்கின்றன.

விளிம்பில் நிற்கும் பிள்ளை வாயடைத்துப் போகிறது. தந்தை மூன்று செய்திகளைச் சொல்கிறார்: கம்பி வேலி இல்லை, பின்னால் வா; இந்தப் பக்கம் ஆறே மதில், கட்டியவனுக்குச் செலவு மிச்சம்; களஞ்சியம் இவ்வளவு பெரிதென்றால் முற்றுகைக்கு அஞ்சியிருக்கிறான். கோட்டை வரலாறு எழுதுபவர்கள் பின்னிரண்டையும் பல பக்கங்களில் விளக்குவார்கள். முதலாவது உள்ளூர் நிர்வாகத்துக்கு உரியது.

திரும்பும் வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்கப்படும். கண்டிக்கோட்டைக்குப் போனவர்களும் இதற்காகச் சுற்றி வருவதுண்டு. கால்மிதியில் ஒட்டிய செம்மணல் இரண்டு முறை கழுவினாலும் போகாது. பழவங்காடி வந்து சேர்ந்ததும் கணபதிக்கு இன்னொரு தேங்காய் உண்டு. அன்றிரவு தந்தை உறவினர்களுக்குத் தொலைபேசியில் அறிக்கை அளிப்பார். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தது, எல்லைக்கு அப்பால் போட்ட பெட்ரோலில் எவ்வளவு மிச்சம், கருப்பட்டி என்ன விலை, மட்டை போட்டு வண்டியை எடுத்தது எப்படி என்பவை அதில் இடம்பெறும். ஓட்டியவரின் திறமை பற்றி ஒரு சொல்லும் இராது. துறை வழக்கப்படி அது பாராட்டாகவே கொள்ளப்படும்.