தலைக்கொரு தராசு

வாலே பேராண்டி, வா. என்ன, மூஞ்சி எண்ணெயில விழுந்த வடை மாதிரி உப்பிக் கெடக்கு? உக்காரு. அந்தப் பக்கமா உக்காரு, இந்தப் பக்கம் பெஞ்சுக்கு ஒரு கால் சொகமில்ல. ரெண்டு டீ சொல்லு. காச நீ குடு.

என்னது, ஆயிரம் ரூவா அபராதமா? ஹெல்மெட் போடலன்னா? நீ போட்டிருந்தியா? இல்லையா? பொறவு என்னலே தொயரம்?

"தாத்தா, எனக்கு முன்னால நாலு பேரு வெறுந்தலையோட போனான். அவன எல்லாம் விட்டுட்டு என்னைய மட்டும் ஓரங்கட்டுனாவ"ன்னு சொல்லுத. நல்லாருக்குடே. அஞ்சு பேரு சேந்து மாங்கா திருடி, கடைசியா மரத்த விட்டு எறங்குனவன் "என்னைய மட்டும் ஏன் அடிக்கிய"ன்னு கேட்ட கதையால்லா இருக்கு!

ஆனா ஒண்ணு. ஒன் அழுகைல நியாயமே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். எத்தன பங்கு நியாயம், எத்தன பங்கு வயித்தெரிச்சல்னு நிறுத்துப் பாக்கணும். டீ ஆறுறதுக்குள்ள பாத்துருவோம்.

நான் இந்த ரோட்டோர பெஞ்சுல எத்தன வருசமா உக்காந்துருக்கேன்? நாலுவழிச்சாலை வாறதுக்கு முன்னால இருந்து. 2015 ஜூலை 1ல இருந்து ஹெல்மெட் கட்டாயம்னு மெட்ராஸ் ஐகோர்ட்டு சொல்லிச்சுல்லா, அந்த வாரம் நீ பாக்கணுமே! ரேசன் கடைல மண்ணெண்ணெய்க்கு நிக்க மாதிரி ஹெல்மெட்டுக்கு வரிசை. வாங்குனாவ, சரி. எங்க மாட்டுனாவ? ஒருத்தன் முழங்கைல. ஒருத்தன் பெட்ரோல் டேங்க் மேல. ஒருத்தன் காய்கறி வாங்கி அதுக்குள்ள போட்டுட்டுப் போறான். தூரத்துல தொப்பி தெரிஞ்சா ஹெல்மெட்டு தலைக்கு ஏறும். தொப்பியத் தாண்டுனா எறங்கிரும். தலைக்குப் போட்ட ஹெல்மெட்டாலே அது? தொப்பிக்குப் போட்ட ஹெல்மெட்டு.

சட்டத்துல தலப்பா கட்டுன சீக்கியருக்கு மட்டும் விலக்கு உண்டாம். நானும் அறுபது வருசமா தலைல துண்டு கட்டுதேன், எனக்கு ஏன் இல்லன்னு ஒரு எஸ்.ஐ. கிட்டக் கேட்டேன். "பெரியவரே, மண்டை ஒடஞ்சா ரத்தம் தொடைக்க அந்தத் துண்டு ஆவும்"னாரு. நியாயமான மனுசன். அவருக்கு நானே டீ வாங்கிக் குடுத்தேன்.

அப்போ ஹெல்மெட் இல்லன்னா நூறு ரூவா. 2019ல டெல்லில சட்டத்தத் திருத்துனாவ. நம்மூர்ல அது வந்து சேர 2022 அக்டோபர் ஆச்சு. நூறு ஆயிரமாச்சு. லைசென்ஸ் இல்லன்னா ஐநூறு இருந்தது அஞ்சாயிரமாச்சு. ஆம்புலன்சுக்கு வழி விடலன்னா பத்தாயிரம். கூடட்டும், வேண்டாங்கல. உசுரு போச்சுன்னா பத்தாயிரம் குடுத்தா திரும்ப வாங்க முடியும்?

ஆனா கணக்கப் பாருடே. நூறு ரூவா காலத்துல ஒருத்தன விட்டு ஒருத்தனப் புடிச்சா, அது நூறு ரூவா ஓரவஞ்சன. இப்போ அதே வேலையச் செஞ்சா ஆயிரம் ரூவா ஓரவஞ்சன. காருல போறவனுக்கு ஆயிரம் ஒரு மத்தியானச் சாப்பாடு. சித்தாளு வேலைக்குப் போற பிள்ளைக்கு அது ஒரு நாள் கூலிக்கும் மேல. அபராதம் பத்து மடங்கு கூடிச்சு, சரி. தராசு பத்து மடங்கு நேராச்சா?

காத நல்லாத் தீட்டிக்கிட்டுக் கேளு. சட்டம் எங்க வளையுதுன்னு கண்ணால பாக்க முடியாது, காதால கேக்கலாம். பெரிய காரு வந்தா, "சார், கொஞ்சம் ஓரமா நிறுத்துறீங்களா?" பழைய மொபட்டு வந்தா, "ஏய், நிறுத்துலே!" ரெண்டு வண்டியும் ஒரே ரோட்டுல தான வருது? ரெண்டு பேரும் அதே ஓட்டுரிமைக்காரன் தான? வண்டிக்குத் தக்கன மரியாதை. பெட்ரோல் வெலையக் கூட ஆளப் பாத்து மாத்த மாட்டேங்கான்லே பங்க்குக்காரன்!

காகிதத்து கதை இன்னும் வேடிக்கை. 2017ல ஒரிஜினல் லைசென்ஸ் கைல இருந்தாத்தான் ஆச்சுன்னாவ. இருந்த ஒரே காகிதத்த வச்சுக்கிட்டு, மழைக்கு எங்க ஒளிச்சு வைக்கன்னு அலைஞ்சோம். அடுத்த வருசமே மத்திய சர்க்கார், போன்ல டிஜிலாக்கர்ல காட்டுனாப் போதும்னுச்சு. இந்த முக்குல நிக்க ஏட்டையா போனப் பாத்து "சரி, போ"ங்காரு. அடுத்த முக்குல நிக்கவரு, "படத்த எவன் கேட்டான், காகிதத்த எடு"ங்காரு. ரெண்டு முக்குக்கும் நடுவுல அரை மைலு. அரை மைலுக்கு ஒரு சட்டம் மாறும்னா, லைசென்ஸ் எதுக்கு? பாஸ்போர்ட்டுல்லா எடுக்கணும்!

பொறவு இருக்கே போன் வைத்தியம். வண்டிய மறிச்ச ஒடனே சாவிய எடுக்கானோ இல்லையோ, போன எடுக்கான். "இந்தாங்க, மாமா பேசுதாவ." எல்லாருக்கும் ஒரு மாமா. வட்டச் செயலாளர் மாமா, வக்கீல் மாமா, கோர்ட்டுல பியூன் மாமா. அந்த ஏட்டையா வெயில்ல நின்னு வேலையப் பாப்பாரா, ஊர்ல உள்ள மாமாக்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லுவாரா? மாமா இல்லாதவன் ரசீத வாங்கிட்டுப் போறான். அப்போ நம்மூர்ல ஹெல்மெட் இல்லாததுக்கா அபராதம்? மாமா இல்லாததுக்கு அபராதம்.

மாமா போன் எடுக்கலன்னா என்ன செய்ய? அதுக்குத்தான் ஸ்டிக்கர் கண்டுபுடிச்சான். போலீஸ், பிரஸ், வக்கீல், டாக்டர். நம்பர் பிளேட்டுல நம்பரத் தேடணும். 2024 மே மாசத்துல இருந்து சென்னைல இதுக்கும் அபராதம்னு போக்குவரத்துப் போலீஸே அறிவிச்சு, நம்பர் பிளேட்டுல ஒட்டுனதக் கிழிக்கச் சொன்னாவ. நல்ல காரியம். என்னலே, நீ ஏன் தலையக் குனியுத? நான் பொதுவாத்தான் சொல்லுதேன்.

அதே மே மாசம் நம்ம நாங்குநேரில நடந்த கூத்து ஞாபகம் இருக்கா? சர்க்கார் பஸ்ல ஒரு போலீஸ்காரரு உடுப்போட ஏறுனாரு. கண்டக்டர் டிக்கெட் எடுக்கச் சொன்னாரு. அவரு மாட்டேன்னாரு. வேலையாப் போறேன்னு வாரண்டு இருந்தாத்தான் ஓசி, இல்லன்னா டிக்கெட்டுதாம்னு போக்குவரத்துக் கழகம் சொல்லிப்போட்டு. இவங்க சண்டைய ஒரு ஆளு போன்ல படம் புடிச்சான். ஊரு ஒலகமெல்லாம் பாத்துச்சு.

அதுக்குப் பொறவு பாரு அதிசயத்த. அங்கங்க சர்க்கார் பஸ்ஸுக்கு மேல அபராதம் விழுது. இங்கன நிறுத்துனது தப்பு. டிரைவரு சீட் பெல்ட் போடல. சீருடை சரியில்ல. அந்தப் பஸ்ஸெல்லாம் நேத்துதான் ஷெட்ட விட்டு வந்துதா? நம்ம தாத்தா காலத்துல இருந்து அந்த எடத்துலதான நிக்கு? அதுவரைக்கும் கண்ணுல விழாத தப்பு, கோவம் வந்த அன்னிக்கு எப்படிலே விழுந்துது? கோவத்துக்குக் கண்ணு கூர்மைன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

பொறவு மேல உள்ள அதிகாரிமாரு பேசி, அந்தப் போலீஸ்காரரும் கண்டக்டரும் கட்டிப்புடிச்சு சமாதானம் ஆனாவ. அதையும் படம் புடிச்சுப் போட்டாவ. சந்தோசம். ஆனா நான் கேக்கேன். பஸ் நிறுத்துனது தப்புன்னா, சமாதானம் ஆன பொறவும் தப்புதான? தப்பில்லன்னா, சண்டை வந்த அன்னிக்கும் தப்பில்லதான? கட்டிப்புடிச்சா மாறுற சட்டம் என்ன சட்டம்டே? அது மாமியா மருமவ சண்டை. மாமியா ஒடச்சா மண்கொடம், மருமவ ஒடச்சா பொன்கொடம். இங்க கொடம் எல்லாம் ஒண்ணுதான். ஒடைக்க கையப் பாத்துத்தான் வெலை.

நம்ம திருவாரூர் கதைய எடுத்துக்கோ. தேருக்கால்ல கன்னுக்குட்டி விழுந்து செத்துது. அதுதாம்லே நம்ம நாட்டு மொத ரோட்டு வழக்கு! பசுமாடு போயி ஆராய்ச்சி மணிய அடிச்சுது. தேர ஓட்டுனது ராசா மவன். ஒரு மாமாவுக்குப் போன் போயிருக்கும்னா பசுவுக்கு மேல கேஸு விழுந்திருக்கும், கன்ன ரோட்டுல மேய விட்டேன்னு. மனுநீதிச் சோழன் கன்னுக்கு என்ன வலியோ அதே வலிய மவனுக்குன்னான். கதையோ நெசமோ, அவன் சிலைய மெட்ராஸ் ஐகோர்ட்டு வளாகத்துலயே வச்சிருக்காவ. வச்சவனுக்கு வெவரம் தெரிஞ்சிருக்கு.

அவ்வளவு தூரம் வேண்டாம்னுதான் இப்போ உள்ள சட்டம் லேசா ஒரு வழி சொல்லிருக்கு. 2019ல திருத்துனாங்கல்லா, அதுல 210பி-ன்னு ஒரு பிரிவு உண்டு. இந்தச் சட்டத்த அமல்படுத்துத அதிகாரம் உள்ளவனே அந்தத் தப்பச் செஞ்சா, அவனுக்கு ரெண்டு மடங்கு அபராதம். நல்லாக் கேட்டுக்கோ. ஒனக்கு ஆயிரம்னா, உடுப்புப் போட்டவனுக்கு ரெண்டாயிரம். உடுப்பு சலுகை இல்லலே. உடுப்புக்கு வட்டி உண்டு. எழுதுன புண்ணியவான் எந்த ஊருக்காரனோ! வேலி பயிர மேயும்னு முன்னாலயே தெரிஞ்சு, வேலிக்கு ரெண்டு பங்கு வச்சிருக்கான். அந்த ரசீது அடிக்கடி கண்ணுல பட்டா, ஒன் ஆயிரம் ஒனக்கு இவ்வளவு எரியாது.

போலீஸ்காரன் எல்லாம் பொல்லாதவன்னு நான் சொல்லுததா நெனச்சிராத. சித்திர வெயில்ல தார் ரோட்டுல நின்னு பாத்திருக்கியா? கால் பொசுங்கும். நாலு பக்கமும் வண்டி, ஊதல் ஒண்ணு. நூறு பேரு வெறுந்தலையோட வந்தா அவரு ரெண்டு கைக்கு எத்தன பேரப் புடிப்பாரு? ஒருத்தரு ரெண்டு பேருதான் மாட்டுவான். அது அவரு குத்தமில்ல. ஆனா அந்த ரெண்டு பேரு யாருன்னு பொறுக்குறதுலதான் இருக்கு சூட்சுமம். வலை வீசுனா எந்த மீனும் விழலாம், அது கடலோட நியாயம். சின்ன மீனாப் பாத்து எடுத்துக்கிட்டு, பெரிய மீனத் திரும்ப விட்டா அதுக்குப் பேரு மீன்பிடியா?

அதுக்காவ மொறட்டுத்தனமா வெரட்டுறதும் நியாயம் ஆவாது. 2018 மார்ச்சுல திருச்சி பக்கம் ஒரு போலீஸ் அதிகாரி, நிக்காமப் போன பைக்க வெரட்டிப் போயி ஒதச்சு, பின்னால இருந்த பொம்பள செத்துப் போனா. ஹெல்மெட் எதுக்கு? உசுரக் காப்பாத்த. அத வச்சே உசுர எடுத்தா? அத நெனச்சா இந்தக் கெழவனுக்கும் கேலி வராது. அத விடு.

எங் கதை ஒண்ணு சொல்லுதேன். யாருகிட்டயும் சொல்லாத. ஒரு நா மொபட்டுல வெறும் துண்டோட போறேன். மறிச்சாவ. எனக்கு முன்னால ஒரு கொத்தனார் பையன், அதே தப்பு. மறிச்சவரு எங்க சொந்தக்காரப் பயலோட கூட்டாளி. "பெரியவரே, நீங்க போங்க"ன்னாரு. நானும் வண்டியத் திருக்கிட்டேன். அந்தப் பையன் என்னைய ஒரு பார்வ பாத்தான் பாரு. வையல, திட்டல. சும்மா பாத்தான். நூறு ரூவா மிச்சம் பண்ணிட்டேன், ஆனா அந்தப் பார்வைக்கு இன்னிக்கு வரைக்கும் வட்டி கட்டிக்கிட்டு இருக்கேன். மறுநாளே ஹெல்மெட் வாங்குனேன். அந்தா, ஆணில தொங்குது பாரு.

அதனாலதாம்லே சொல்லுதேன். ஓரவஞ்சனைக்கு ரெண்டு கை வேணும். விடுதவன் கை ஒண்ணு, தப்பிக்கவன் கை ஒண்ணு. ஆத்துல போட்டாலும் அளந்து போடுங்கான் நம்மாளு. அவரு அளக்கணும், சரி. நீ தராசத் தட்டாம இருக்கணும்லா?

சரி, இப்போ நெசத்தச் சொல்லு. ஒன் வண்டி முன்னால "காவல்"னு செவப்பு, நீலத்துல ஒட்டிருக்கே, அது யாரு? மச்சினனா? அவன் எங்க வேல பாக்கான்? ரெண்டு வருசமா இத வச்சு எத்தன தடவ நிக்காமப் போன? இன்னிக்கு நின்னவரு அதப் பாத்துட்டும் ரசீது போட்டாரு, அதான?

அப்போ ஒனக்குக் கோவம் நாலு பேர விட்டதுக்கு இல்ல. அந்த நாலு பேருல ஒன்னையும் சேக்கலன்னு.

சிரிக்காத. எந்திரி. ஆயிரத்தக் கட்டிரு, அந்த ஏட்டையா பேரு தெரிஞ்சா சொல்லு, அடுத்த டீ அவருக்கு நான் வாங்குதேன். ஆணில தொங்குதுல்லா, அந்த ஹெல்மெட்டப் போட்டுட்டுப் போ, நாளைக்குக் கொண்டாந்து தா. வாரையும் மாட்டுலே. போறதுக்கு முன்னால, இந்தா, கிளாசுல தண்ணி இருக்கு. ஸ்டிக்கர நனச்சு வச்சா லேசா உரியும்.